முழுசாக் கேட்டவள்

அவள் பெயரை எழுத மாட்டேன். மறந்துபோய்விடவில்லை. எழுதினால், படிக்கிறவர்களில் யாராவது ஒருவர் "அட, பேர் நல்லா இருக்கே" என்பார். அந்தப் பாராட்டும் அவளுக்கே போய்ச் சேர வேண்டுமா? ஏற்கெனவே போய்ச் சேர்ந்தது போதும். கௌசியும் நானும் அவளை வேப்பம்பட்டு என்றுதான் சொல்வோம். அவள் ஊர் அது. அங்கிருந்து ரயிலில் ஆவடி, ஆவடியிலிருந்து பஸ்ஸில் பூந்தமல்லி, பூந்தமல்லியிலிருந்து இன்னொரு பஸ்ஸில் வேலப்பன்சாவடியில் இருந்த எங்கள் கல்லூரி. தினமும் இத்தனை ஏறி இறங்கியும் முகத்தில் ஒரு களைப்புத் தெரியாது. நான் அம்பத்தூரிலிருந்து வருவதற்குள் பாதி உயிர் போய்விடும். அதனாலேயே முதல் நாளிலிருந்து எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.

அவளிடம் ஒரு கேள்வி இருந்தது. "முழுசா?" ரெக்கார்டு நோட்டு எழுதி முடித்துவிட்டேன் என்றால் "முழுசா?" என்பாள். கேன்டீன் சாம்பார் சாதம் வாயில் வைக்க முடியவில்லை என்று தட்டைத் தள்ளினால் "முழுசா சாப்ட்டுப் பாத்தியா?" என்பாள். கௌசிக்கு முதன்முதலில் வந்த மாப்பிள்ளைப் போட்டோவைப் பார்த்து நான் "ச்சீ, இவனா" என்றபோதுகூட, "இதுல பாதிதானே கீது, முழுசா நின்னுகினு எடுத்த போட்டோ இல்லியா?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்பாள். கிண்டலாக இருந்தால் நானும் பதிலுக்கு நாலு கொடுத்திருப்பேன். பஸ்ஸைவிட்டு இறங்கும்போது தான் உட்கார்ந்திருந்த சீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவாள். அவள் எதையும் விட்டுவிட்டு இறங்கி நான் பார்த்ததில்லை. ஆனாலும் திரும்பிப் பார்ப்பாள்.

கௌசி பள்ளிக்கூடத்திலிருந்தே என் உயிர்த் தோழி. வீடு பூந்தமல்லியில். சுடுகிற விளையாட்டு ஒன்றில் அவள் பெரிய கில்லாடி. கல்லூரி விட்டு வீட்டுக்குப் போனதும் அவள் தன் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் நான் என் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரே அணியில் ஆடுவோம். ஆட்டம் பாதி, அரட்டை பாதி. அவ்வளவும் கௌசியின் கம்ப்யூட்டரில் பதிவாகிக்கொண்டே இருக்கும். அதில் கொஞ்சத்தை ஒரு சேனலில் போடுவோம். நாற்பது ஐம்பது பேர் பார்ப்பார்கள். அதிலும் பாதிப் பேர் எங்கள் வகுப்புதான்.

இந்தப் பதிவுகள் பூதம் மாதிரி இடம் அடைக்கும். நாலு ஆட்டம் ஆடினால் டிஸ்க்கில் சிவப்புக் கோடு வந்துவிடும். அவற்றைச் சுருக்குவது என் பொறுப்பு. கௌசி ஆடுவாள், நான் சுருக்குவேன். அந்த வேலை எனக்குப் பெருமையாக இருந்தது. யார் கேட்டாலும் "டெக்னிக்கல் எல்லாம் அவதான்" என்று கௌசி என்னைக் காட்டுவாள். அந்த விரல் என்னைக் காட்டுவதற்காக நான் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன்.

இரண்டாம் வருஷத்தில் ஒரு நாள், கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்து, கௌசியின் டிஸ்க்கை மாட்டி, ஆட்டங்களை எல்லாம் ஜிப் கோப்பாகச் சுருக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் வேப்பம்பட்டு. அதுவரை அவளோடு பேசியதுகூட இல்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எவ்ளோ கொறஞ்சிது?" என்று கேட்டாள்.

"கொறையும்."

"முழுசா முடிஞ்ச ஒண்ண தொறந்து பாரேன்."

பார்த்தேன். போடுவதற்கு முன் எவ்வளவோ, போட்ட பிறகும் அவ்வளவே. ஒரு நூல் குறையவில்லை. பின்னால் நின்றிருந்த கௌசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடிப்பாவி! காலையிலேருந்து இன்னாத்தடி பண்ணிகினு கீற?"

வேப்பம்பட்டு சிரிக்கவில்லை. "வீடியோ ரெக்கார்ட் ஆவும்போதே ஒரு தடவ சுருங்கித்தான் வருது. அத ஜிப்ல போடறது பால் எடுத்த தேங்காப்பூவ திரும்பப் பிழியற மாதிரி. எந்த வகைல சுருக்கணுமோ அந்த வகைக்கு மாத்தணும்" என்றாள். பிறகு வகைகளைச் சொல்ல ஆரம்பித்தாள். எச்.264 என்பது பழசு, எல்லா போனிலும் ஓடும், ஆனால் இடம் அடைக்கும். எச்.265 ஏறக்குறைய பாதி இடத்தில் அடங்கும், பழைய கம்ப்யூட்டரில் போட்டால் திக்கித் திக்கி ஓடும். ஏவி1 அதைவிடச் சின்னது. "ஆனா உங்க மெஷின்ல அதப் போட்டா பொங்கலுக்கு ஆரம்பிச்சா தீவாளிக்குத்தான் முடியும்" என்றாள். கௌசி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு வார்த்தை ஏறவில்லை. கௌசியின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூக்குடைபட்டவள் சும்மா இருப்பேனா? வீட்டில் உட்கார்ந்து நானும் கற்றேன். தரத்துக்கு ஒரு எண் இருக்கிறது. எண்ணைக் கூட்டினால் கோப்பு சின்னதாகும், படம் கெடும். குறைத்தால் படம் நன்றாக வரும், கோப்பு வீங்கும். நான் எண்ணைத் தாராளமாகக் கூட்டி, ஒரு மணி நேர ஆட்டத்தை உள்ளங்கையில் அடக்கிக் கொண்டுபோய்க் கௌசியிடம் காட்டினேன். அந்த ஆட்டத்தில் கௌசி நெடுநேரம் புல்லுக்குள் படுத்திருப்பாள். திரையில் புல்லே இல்லை. பச்சையாக ஏதோ கரைத்து ஊற்றியிருந்தது.

"இன்னாடி இது, கூவத்துலயா படுத்துகினு இருந்தேன்?" என்றாள் கௌசி.

அதே ஆட்டத்தை வேப்பம்பட்டு இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்தாள். என்னுடையதைவிடக் கொஞ்சம்தான் பெரிது. புல் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. எனக்கு வயிறு எரிந்தது. இதை நாகரிகமாகச் சொல்ல வேறு வழி இருக்கலாம், எனக்குத் தெரியாது. எப்படிச் செய்தாய் என்று கேட்கவும் வாய் வரவில்லை. கௌசிதான் கேட்டாள்.

"மெதுவா பண்ண சொன்னேன். அவசரப்படுத்தாம வுட்டா அதே எடத்துல நல்லா அடக்கும். அப்றம் முழுசா பாத்தேன். எங்க புல்லு வருதோ அங்க மட்டும் கொஞ்சம் எடம் குடுத்தேன்."

"முழுசா பாத்தியா? ஒரு மணி நேரத்தையா?" என்றேன் நான்.

"பாக்காம எப்டி அசல அழிக்கறது?"

எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. முதலில் ஒரு நிமிஷம், நடுவில் ஒரு நிமிஷம், கடைசியில் ஒரு நிமிஷம் ஓட்டிப் பார்ப்பேன். நன்றாக இருந்தால் அசலை அழித்துவிடுவேன். உலகத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று நம்பினேன்.

அந்த மாதத்தோடு என் வேலை போயிற்று. யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. கௌசி டிஸ்க்கை வேப்பம்பட்டு பக்கம் நீட்ட ஆரம்பித்தாள், அவ்வளவுதான். கௌசியின் கம்ப்யூட்டரில் பதிவு செய்கிற முறையையும் அவளே வந்து மாற்றினாள். அதுவரை எல்லாச் சத்தமும் ஒன்றாகக் கலந்து பதிவாகும். அவள் அதை மூன்று தடமாகப் பிரித்தாள். முதல் தடத்தில் விளையாட்டின் வெடிச்சத்தம், இரண்டாவதில் கௌசியின் குரல், மூன்றாவதில் என் குரல். "துப்பாக்கி சத்தத்துல உங்க பேச்சு கேக்கவே மாட்டேங்குது. தனித்தனியா இருந்தா பின்னால வேண்டியத ஏத்தி எறக்கிச் சேத்துக்கலாம்" என்றாள். அன்றைக்கு கௌசி அம்மா அவளுக்குக் கேசரி கிண்டிக் கொடுத்தார்கள். நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், எனக்குக் கிடைத்ததெல்லாம் டீயும் பிஸ்கட்டும்தான்.

எந்த ஆட்டத்துக்கு எந்த எண் கொடுப்பது என்பதற்கு அவள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். அதுதான் எனக்குப் புரியவே இல்லை. கௌசி பதினெட்டுப் பேரைச் சுட்டு ஜெயித்த ஆட்டத்துக்குச் சுமாரான தரம் கொடுப்பாள். இரண்டே நிமிஷத்தில் செத்துப்போய், அடுத்த ஆட்டத்துக்காகக் காத்திருக்கும் இடத்தில் நாங்கள் அரை மணி நேரம் வெட்டிப் பேச்சுப் பேசிய பதிவுக்கு உயர்ந்த தரம் கொடுப்பாள். "ஏன்டி, இதுல ஆட்டமே இல்லியே" என்றால், "பேச்சு நல்லா கீது. பேசறப்போ மூஞ்சியும் நல்லா தெரியணும்" என்பாள். திரை ஓரத்தில் கேமராவில் கௌசியின் முகம் சின்னதாக ஒரு கட்டத்தில் தெரியும். அதைச் சொல்கிறாள். பைத்தியம் என்று நினைத்துக்கொண்டேன். ரயிலிலும் பஸ்ஸிலும் எப்போது பார்த்தாலும் காதில் ஒயர் தொங்கும். பாட்டுக் கேட்கிறாள் என்றுதான் நினைத்தேன். போனைப் பைக்குள்ளேயே வைத்திருப்பாள். சில சமயம் ஜன்னல் பக்கம் திரும்பித் தனக்குத்தானே சிரிப்பாள்.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் எங்கள் இருவரையும் பார்த்து, "நானும் ஒரு நாள் உங்ககூட ஆடட்டா? எனக்கு நல்லா ஆட வராது. சும்மா கூட வர்றேன்" என்று கேட்டாள். கௌசி வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"ரெண்டு பேருக்குத்தான்டி எடம் கீது அதுல."

அந்த விளையாட்டில் ஓர் அணிக்கு நாலு பேர். அது அவளுக்குத் தெரியாதா? எங்கள் ஆட்டம் எத்தனையோ பார்த்தவள் அவள். தலையை ஆட்டிவிட்டு ஆவடி பஸ்ஸில் ஏறிவிட்டாள். கௌசி என்னை ஒரு பார்வை பார்த்தாள். மறுபடி அவள் கேட்கவே இல்லை. நானும் அப்பாடா என்று இருந்தேன்.

விளையாட்டில் எதிரி பின்பக்கமாக வந்தால் கௌசியும் நானும் "மாமியா வந்துட்டா!" என்று கத்துவோம். எங்கள் இருவருக்கும் மட்டுமே உரிய குறி அது. ஒரு நாள் கேன்டீனில் உட்கார்ந்து துறைத்தலைவரைக் கிண்டல் செய்துகொண்டிருந்தோம். அந்த அம்மாள் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றிருக்கிறார். எதிரே உட்கார்ந்திருந்த வேப்பம்பட்டு, இட்லியிலிருந்து தலையைத் தூக்காமல், மெல்லிய குரலில், "மாமியா வந்துட்டா" என்றாள்.

கௌசிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டாள். தப்பித்தோம். ஆனால் நான் இட்லித் தட்டைத் தள்ளிவிட்டேன். எங்கள் வார்த்தை அது. இரண்டு வருஷம் கத்திக் கத்தி நாங்கள் தேய்த்து வைத்த வார்த்தை. வெளியாள் ஒருத்தி எடுத்துப் போட்டுக்கொண்டு நிற்கிறாள், கௌசியும் "சூப்பர்டி வேப்பம்பட்டு" என்று அவள் தோளைத் தட்டுகிறாள்.

அன்றைக்குச் சாயங்காலம் ஆட்டத்துக்கு நடுவில் ஹெட்போனில் என் ஆத்திரத்தை எல்லாம் கொட்டினேன். அவள் மாதிரியே "முழுசா? முழுசா?" என்று இழுத்துப் பேசிக் காட்டினேன். அவள் எண்ணெய் வைத்த தலையைச் சொன்னேன், ரயில் வாடையைச் சொன்னேன். கடைசியில், "அவளுக்குன்னு ஒரு ஃப்ரெண்டு கெடையாது. அதான் நம்ம குப்பையப் பொறுக்கிகினு திரியறா" என்றேன். கௌசி, "பாவம்டி அவ, விடு" என்றாள். பாவமா? என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆட்டத்தின் நடுவிலேயே இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். நாலு நாள் நான் கௌசியோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் அவளே வந்து பேசினாள். அதோடு அந்தச் சண்டை முடிந்தது.

படிப்பு முடிந்து ஒரு வருஷத்தில் கௌசிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குச் சூரத் பக்கம் வேலை. கௌசிக்கு இந்தி ஒரு அட்சரம் தெரியாது. தடம் பிரித்த பிறகு பதிவான ஆட்டங்கள் எல்லாம் இரண்டு பெரிய டிஸ்க் நிறையக் கிடந்தன. வேப்பம்பட்டு ஒவ்வொன்றாக முழுசாகப் பார்த்துச் சுருக்குகிறவள் ஆயிற்றே, பத்தில் ஒரு பங்குகூட முடிந்திருக்கவில்லை. கௌசி அந்த இரண்டு டிஸ்க்கையும் என் கையில் கொடுத்தாள்.

"போற வழில ஆவடில அவகிட்ட குட்த்துடு. எல்லாத்தையும் ஒரு சின்ன டிஸ்க்ல அடக்கித் தரச் சொல்லு. அங்க போனா என்கூட யாருடி பேசப்போறா? இதத்தான் போட்டுப் போட்டுக் கேட்டுகினு இருக்கணும்."

நான் ஆவடியில் இறங்கினேன். அவளைப் பார்க்கவில்லை. நேராக ரயில் ஏறி அம்பத்தூர் வந்துவிட்டேன். கௌசி கல்யாணத்துக்கு நான் கொடுக்கிற பரிசாக இது இருக்கட்டும், வேப்பம்பட்டின் கை இதில் படக் கூடாது என்று நினைத்தேன். வீட்டிலிருந்து அவளுக்கு போன் செய்து, கௌசி என்னையே செய்யச் சொல்லிவிட்டாள் என்று புளுகினேன்.

"சரி" என்றாள். பிறகு, "அந்த மூணு தடம் கீதே, தானா வுட்டா அது..." என்று ஆரம்பித்தாள்.

"எல்லாம் எனக்குத் தெரியும்டி. வை போன."

பதினாறு நாள் என் கம்ப்யூட்டர் ஓய்வில்லாமல் ஓடியது. "நிறுத்தித் தொலடி, ஊடே அடுப்பு மாதிரி கொதிக்குது" என்று அம்மா திட்டிக்கொண்டே இருந்தாள். எச்.265, நல்ல எண், மெதுவான ஓட்டம். அவள் சொன்னதையே தான் செய்தேன், அவளுக்கு நன்றி சொல்லாமல். ஒவ்வொன்று முடிந்ததும் முதலில் ஒரு நிமிஷம், நடுவில் ஒரு நிமிஷம், கடைசியில் ஒரு நிமிஷம். புல் தெளிவாக இருந்தது. துப்பாக்கி பட் பட்டென்று வெடித்தது; புல்லும் வெடியும் சரியாக இருந்தால் போதும், வேறெதையும் நான் கவனிக்கவில்லை. அசலை அழித்தேன். அழித்த இடத்தில் அடுத்ததைப் போட்டேன். கடைசியில் இரண்டு டிஸ்க்கும் ஒரு சின்ன டிஸ்க்கில் அடங்கிவிட்டன, இன்னும் இடம் மிச்சம். அவளால் இரண்டு வருஷமாக முடியாததை நான் பதினாறு நாளில் முடித்துவிட்டேன்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் கௌசி வீட்டுக்குப் போனேன். வேப்பம்பட்டும் வந்திருந்தாள், கூடத்தில் உட்கார்ந்து தாம்பூலப் பைகளில் பாக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நல்லதாகப் போயிற்று, அவள் கண் முன்னாலேயே ஆகட்டும் என்று டிஸ்க்கைக் கௌசியிடம் நீட்டினேன். கௌசி ஆசை ஆசையாக டிவியில் மாட்டினாள்.

புல் அசைந்தது. துப்பாக்கி வெடித்தது. ஓரத்துக் கட்டத்தில் கௌசியின் முகம் வாயைத் திறந்து திறந்து மூடியது. குரல் வரவில்லை.

"சவுண்ட வையேன்" என்றார்கள் கௌசி அம்மா.

கௌசி கூட்டினாள். வெடி காதைப் பிளந்தது. குரல் இல்லை. அடுத்ததைப் போட்டாள். அதற்கடுத்ததையும் போட்டாள். எல்லாவற்றிலும் கௌசி ஊமையாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் எதிலுமே இல்லை. என் முகம் எப்போதும் இருந்ததில்லை, குரல் மட்டும்தான் இருந்தது.

வேப்பம்பட்டு எழுந்து வந்து ரிமோட்டை வாங்கி எதையோ பார்த்தாள். "மொத தடம் மட்டுந்தான் கீது" என்றாள். சுருக்குகிற மென்பொருளிடம் ஒன்றும் சொல்லாமல் விட்டால் முதல் தடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடும். போனில் அவள் சொல்ல வந்தது அதுதான்.

"அசலு?" என்று கேட்டாள்.

"அழிச்சுட்டேன்."

"நீ முழு..." என்று ஆரம்பித்தவள், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அந்தக் கேள்வியை அவள் முடிக்காமல் விட்டாள். அதைக் கேட்டிருந்தால்கூடத் தேவலை.

கௌசி கத்தவில்லை. "அவகிட்ட குடுன்னுதானடி சொன்னேன்" என்றாள். பிறகு, "நீ கெளம்பு மொதல்ல" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எட்டு வருஷ சிநேகம். தலையில் கல்லைத் தூக்கிப் போட்டதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

"பேச்சு எங்கிட்ட கீது" என்றாள் வேப்பம்பட்டு.

நாங்கள் மூன்று பேரும் அவளைப் பார்த்தோம். ரயிலில் அவள் கேட்டது பாட்டு இல்லை. டிஸ்க் கைக்கு வந்ததுமே ஒவ்வொரு பதிவிலிருந்தும் எங்கள் இரண்டு பேர் குரலையும் தனியாக உருவி, போனில் ஏற்றி, வழியெல்லாம் அதைத்தான் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். கேட்டுவிட்டுத்தான் எதற்கு எந்த எண் என்று முடிவு செய்வாளாம். படம் சுருக்கி முடிகிற வரைக்கும் பேச்சை அழிப்பதில்லை என்பது அவள் வழக்கம். எல்லாம் ஒரு மெமரி கார்டில் இருந்தது. "படம் இவகிட்ட கீது, பேச்சு எங்கிட்ட கீது. ஒட்டிட்டா போச்சு. பத்து நாள் போதும்" என்று கௌசியிடம் சொன்னாள். கௌசி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமையாக இருந்தது. என் புத்தியை என்னவென்று சொல்ல.

ஆவடி பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தோம். பஸ் செந்நீர்குப்பம் தாண்டியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லாப் பேச்சையும் கேட்டிருக்கிறாள் என்றால், அன்றைக்கு நான் பேசியதையும் கேட்டிருக்கிறாள்.

"எல்லாத்தையும் கேட்டியா?"

"ம்."

"முழுசா?" என்னையும் அறியாமல் அந்த வார்த்தையே வந்தது.

"முழுசா."

"அப்போ ஏன்டி அத வெட்டிப் போடல? ஒனக்கு வெட்டத் தெரியாதா?"

அவள் போனை எடுத்தாள். தேடவே இல்லை, விரல் நேராக அந்தக் கோப்பில் போய் நின்றது. ஒயரின் ஒரு முனையை என்னிடம் கொடுத்தாள். "நீ வெச்சதுக்கு அப்பறம் ஒரு நாலு நிமிஷம் ஓடிகினு கீது. அது ஒன்னோடது. அத நான் எப்டி வெட்றது?"

காதில் வைத்தேன். நான் இணைப்பைத் துண்டித்த பிறகு கௌசியின் கம்ப்யூட்டர் பாட்டுக்குப் பதிவாகிக்கொண்டிருந்திருக்கிறது. நாற்காலி கிறீச்சிட்டது. கௌசி பெருமூச்சு விட்டாள். தூரத்திலிருந்து அவள் அம்மா குரல் வந்தது.

"இன்னாடி, அதுக்குள்ள முடிஞ்சிட்ச்சா?"

"அவ கோச்சுகினு வெச்சுட்டாம்மா."

"சரி, அந்த வேப்பம்பட்டுப் பொண்ணக் கூப்ட்டு ஆடேன். நல்ல பொண்ணாச்சே அது."

"நல்ல பொண்ணுதாம்மா. வீடியோல்லாம் அழகா சுருக்கிக் குடுக்குது. ஆனா இவ இல்லாம எனக்கு ஆடவே தோணாதும்மா. இவ வாய் ஓடிகினே இருந்தாத்தான் எனக்குக் கையே ஓடும்."

அப்புறம் கௌசி தனியாக உட்கார்ந்து ஏதோ முணுமுணுத்தாள். பதிவு முடிந்தது. பருத்திப்பட்டு வந்துவிட்டது. நான் ஒயரைக் காதிலிருந்து எடுக்கவில்லை, எடுத்தால் அழுதுவிடுவேன்.

"மொத தடவ கேட்ட அன்னிக்குக் காலைல, ரயில்ல, இத ரெண்டு தடவ போட்டுக் கேட்டேன்" என்றாள் அவள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "ஆவடி வந்ததே தெரியல. அடுத்த ஸ்டேஷன் அண்ணனூர் போயி எறங்கித் திரும்பி வந்தேன்."

ஆவடியில் இறங்கும்போது வழக்கம்போல் சீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு இறங்கினாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அதற்குள் அவள் ரயில் வந்துவிட்டது.

சொன்னபடியே பத்து நாளில் ஒட்டிக் கொடுத்தாள். நான் பேசிய ஒரு வார்த்தையும் குறையவில்லை. கௌசி சூரத் போனாள், இன்றைக்கும் என்னோடு வாரம் ஒரு நாள் பேசுகிறாள். வேப்பம்பட்டு எங்கோ வேலைக்குப் போய்விட்டாள், போன் எண் மாறிவிட்டது, எங்கள் இருவருக்குமே இப்போது அவளிடமிருந்து தகவல் இல்லை. கௌசி அதைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நான்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். என்னால் அவளைப்போல் ஒரு நாள்கூட இருந்திருக்க முடியாது என்பது இன்னமும் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அந்த டிஸ்க்கில் எனக்கும் ஒரு பிரதி கொடுத்திருந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகும் வழியில், பஸ்ஸில், ஒயரைக் காதில் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டுவந்தேன். போன மாதம்தான் கடைசிப் பதிவு முடிந்தது. கௌசி இருக்கிறாள், நான் இருக்கிறேன், கௌசி அம்மா இருக்கிறார்கள், குக்கர் விசிலும் கீரைக்காரர் குரலும்கூட இருக்கின்றன. ஆரம்பத்திலிருந்து கடைசி வரை முழுசாகக் கேட்டுவிட்டேன். ஓர் இடத்தில்கூட அவள் குரல் இல்லை.